கப்பலோட்டிய வணிகர் சேட் வால்சந்த் ஹீராசந்த்

பென்னாகரம் வட்டத்துப் பாப்பாரப்பட்டி கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஊர். கேழ்வரகு விளையும் கொல்லைகளும் புளியமரச் சாலைகளும் சூழ்ந்த அவ்வூரில்தான் விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கண் மூடினார். சிறைவாசம் தந்த தொழுநோயோடு ஊர் ஊராக நடந்தவர், பாரதமாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்னும் கனவோடு அங்கு ஆசிரமம் அமைத்திருந்தார். அவரோடு ஒரே வழக்கில் தண்டனை பெற்ற தோழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அந்த வழக்கின் வேர் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்ற இரண்டு கப்பல்களில் இருந்தது. ஆகவே கடலே காணாத இந்தப் பகுதி மக்களுக்கும் கப்பல் கதை அந்நியமானதன்று.

வ.உ.சி.யின் கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. உதவிச் செயலாளர். வாடகைக்கு எடுத்த கப்பல்கள் எதிரியின் நெருக்குதலால் கைநழுவியபோது, சொந்தக் கப்பலே வேண்டும் என்று பம்பாய் சென்று முயன்றார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடி வந்தன. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, இவர்களும் குறைத்தார்கள், அக்கம்பெனி முடிவில் இலவசப் பயணமும் அதற்கு மேல் ஒரு குடையும் தருவதாகக் கூறியது என்பர். 1908இல் சிறை, 1911இல் கம்பெனி கலைப்பு. 1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையாகி வெளியே வந்தபோது கப்பல்கள் அவருக்கோ பங்குதாரருக்கோ உரியவையாக இல்லை.

தோற்றுப்போன அந்த முயற்சி எட்டே ஆண்டுகளில் மேற்குக் கரையில் மீண்டும் தலையெடுத்தது. இம்முறை அதை முன்னின்று நடத்தியவர் சோலாப்பூரைச் சேர்ந்த ஒரு திகம்பர ஜைன வணிகர். சேட் வால்சந்த் ஹீராசந்த் தோஷி என்பது அவரது முழுப்பெயர். வடநாட்டிலும் மராட்டியத்திலும் அவர் பெயரைத் தாங்கிய ஊர், கல்லூரி, ஆலை பல உண்டு. தமிழ்நாட்டு ஜைன இல்லங்களில் அவரது வரலாறு போதிய அளவு பேசப்படாதது வியப்பே.

வால்சந்த் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சோலாப்பூரில் பிறந்தார். குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வட்டித் தொழிலும் பருத்தி வாணிகமும் பரம்பரைத் தொழில்கள். பம்பாயிலும் பூனாவிலும் கல்லூரிகளில் பயின்றார்; பட்டம் பெறும் முன்னரே குடும்பத் தொழிலுக்குத் திரும்பினார். கணக்குப் பேரேட்டின் முன் அமர்ந்து வட்டி எழுதுவதில் அவர் மனம் ஒட்டவில்லை. ரயில்வே எழுத்தராக இருந்து ஒப்பந்தக்காரராக மாறிய லக்ஷ்மண்ராவ் பாட்டக் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, பார்சி சிறு ரயில் பாதை வேலையில் இறங்கினார். மண் வெட்டுவதும் பாலம் கட்டுவதும் அக்காலத்தில் பழைய வணிகக் குடும்பத்தார் இறங்கும் தொழில் அன்று. ஆயினும் அத்தொழிலே அவரைப் பெரிய ஒப்பந்தக்காரர் ஆக்கியது. பின்னாளில் பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடைப்பட்ட போர் கணவாயில் ரயில் சுரங்கப் பாதைகளை அமைத்த பணியில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சர்க்கரை ஆலை, பெங்களூர் விமானத் தொழிற்சாலை, மோட்டார் வாகனத் தொழிற்சாலை என அவர் தொட்டவை பல. அவை தனித்தனியே எழுதத்தக்கவை. இங்கே கப்பலை மட்டும் காண்போம்.

1919ஆம் ஆண்டின் தொடக்கம். முதல் உலகப்போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ரயில் பயணம் ஒன்றில் நிகழ்ந்த உரையாடலின் வழியாகக் குவாலியர் மகாராஜாவின் கப்பல் ஒன்று விலைக்கு வருவதை வால்சந்த் அறிந்தார் என்று சொல்லப்படுகிறது. அக்கப்பல் 1891இல் இங்கிலாந்தின் பாரோ நகரில் கட்டப்பட்டது. எம்ப்ரஸ் ஆப் இந்தியா என்ற பெயரில் கனடாவின் பசிபிக் கரையிலிருந்து ஜப்பானுக்கும் ஹாங்காங்குக்கும் பயணிகளை ஏற்றிச் சென்றது. போர் தொடங்கியதும் மகாராஜா மாதவராவ் சிந்தியா அதை வாங்கி, காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்கு மருத்துவமனைக் கப்பலாக அளித்தார். பெயரையும் லாயல்டி என மாற்றினார். விசுவாசம் என்பது அச்சொல்லின் பொருள். பிரிட்டிஷ் முடியாட்சிக்குத் தம் விசுவாசத்தைக் காட்டுவதற்கு அரசர் இட்ட பெயர் அது. பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகளை எதிர்த்து இந்தியர் தொடங்கிய நிறுவனத்தின் முதல் கப்பல் அதே பெயரோடு புறப்பட்டது, வரலாறு செய்த நகை.

நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமள்தாஸ் ஆகியோர் வால்சந்துடன் சேர்ந்தனர். 1919 மார்ச் 27ஆம் நாள் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி தோன்றியது. கப்பலை விற்ற அரசரின் குடிப்பெயரே கம்பெனியின் பெயராயிற்று. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 5ஆம் நாள், லாயல்டி பம்பாயிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்த நாளே 1964 முதல் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

பள்ளிப் பாடநூல்கள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். இந்தியர் கப்பல் வாங்கினர், இந்தியக் கப்பல் கடலில் சென்றது என்று படிப்பவர் எண்ணிக்கொள்வர். உண்மையில் வால்சந்தின் துன்பம் இங்கேதான் தொடங்குகிறது. லாயல்டி இந்தியப் பணத்தில் வாங்கிய கப்பலே. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது பிரிட்டிஷ் கப்பல். இதை விளங்கிக்கொள்ளக் கப்பல் பதிவு என்பது யாது எனச் சற்று அறிதல் வேண்டும்.

நிலத்துக்குப் பட்டா எப்படியோ, கப்பலுக்குப் பதிவு அப்படி. ஆனால் பட்டா உரிமையாளர் யார் என்பதை மட்டும் சொல்லும். கப்பற்பதிவு உரிமையாளர் யார், கப்பல் எந்த நாட்டுக்கு உரியது என்னும் இரண்டையும் சொல்லும். அளவையாளர் ஒருவர் கப்பலை நேரில் அளந்து அதன் கொள்ளளவை டன் கணக்கில் குறிப்பார். பதிவாளர் ஓர் எண் தருவார். அந்த எண்ணும் டன் அளவும் கப்பலின் முதன்மை உத்திரத்தில் வெட்டிப் பொறிக்கப்படும். முன்முனையின் இரு புறமும் பெயர். பின்புறம் பெயரும் பதிவுத் துறைமுகத்தின் பெயரும். இவை முடிந்த பின்னரே பதிவேட்டில் கப்பல் ஏறும், சான்றிதழ் கிடைக்கும், அந்நாட்டுக் கொடியை ஏற்றும் உரிமை வரும். நடுக்கடலில் ஒரு கப்பலுக்குள் நிகழும் களவுக்கும் கொலைக்கும், மாலுமியின் கூலி வழக்குக்கும் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கொடியே முடிவு செய்கிறது. ஒரு கப்பலுக்கு ஒரே கொடிதான். இரண்டு கொடிகளை வசதிக்கேற்ப மாற்றிப் பறக்கவிடும் கப்பல் கொடியற்ற கப்பலாகவே கருதப்படும்.

பதிவு நீக்கமும் இதே அளவு முறையானது. கப்பல் மூழ்கினாலும், எரிந்தாலும், பகைவர் கையில் சிக்கினாலும், உடைக்கப்பட்டாலும், வேற்று நாட்டார்க்கு விற்கப்பட்டாலும் உரிமையாளர் பதிவாளருக்கு அறிவித்துச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும். பதிவேட்டில் அக்கணக்கு முடிக்கப்படும். அடைமானக் கடன் தீராமல் இருந்தால் அது எளிதில் மறைந்துவிடாது. பழைய நாட்டின் பதிவிலிருந்து நீக்கியதற்கான சான்று இல்லாமல் புதிய நாடு தன் ஏட்டில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்ளாது. பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் மனிதர்க்கு உள்ளவாறே கப்பலுக்கும் உண்டு எனலாம். பூம்புகாரில் சோழரின் புலி இலச்சினை இடப்பட்ட சரக்கு மூட்டைகளைப் பற்றிப் பட்டினப்பாலையில் கற்ற தமிழர்க்கு, அரசின் முத்திரை இன்றிக் கடல் வாணிகம் இல்லை என்பது புதிய செய்தியன்று.

அந்நாளில் இந்தியாவில் செல்லுபடியானது 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம். கடலோரச் சிறு கலங்களுக்கு 1841ஆம் ஆண்டின் பழைய இந்தியச் சட்டமும் இருந்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கப்பலின் உடைமை 64 பங்குகளாகப் பகுக்கப்பட்டது. பிரிட்டிஷ் முடியின் குடிமக்களே அப்பங்குகளை வைத்திருக்க முடியும். இந்தியரும் அம்முடியின் குடிமக்களே ஆதலால், கப்பல் வைத்திருக்க அவர்க்குத் தடையில்லை. தடையின்மையே பொறியாயிற்று. பம்பாய் வணிகரின் கப்பலும் லண்டன் பிரபுவின் கப்பலும் ஒரே சட்டத்தில் ஒரே வகை. இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கொடி. இந்தியக் கப்பல் என்று ஒரு வகை சட்டத்தில் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றுக்குச் சலுகை கேட்பது எவ்வாறு? பாதுகாப்பு வேண்டுவது எவ்வாறு?

மறுபக்கத்தில் நின்றவர் இஞ்ச்கேப் பிரபு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியும் பி அண்ட் ஓ கம்பெனியும் 1914இல் அவர் தலைமையில் ஒன்றாயின. வ.உ.சி.யின் கப்பலை வீழ்த்திய அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிதான். அதற்கும் முன்னர், 1890களில் ஜாம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானுக்கு விட்ட கப்பல்களும் பி அண்ட் ஓ செய்த கட்டணப் போரில்தான் நின்றுபோயின. கட்டணக் குறைப்பு ஓர் ஆயுதம். அதைவிடக் கூர்மையானது தள்ளுபடி முறை. சரக்கு ஏற்றும் வணிகர் செலுத்திய கட்டணத்தில் ஒரு பகுதி பின்னர் அவர்க்குத் திருப்பித் தரப்படும். இடையில் ஒரு முறையேனும் வேறு கம்பெனியின் கப்பலில் சரக்கு ஏற்றினால் அத்தொகை முழுவதும் போய்விடும். நாட்டுப்பற்று மிக்க வணிகரும் தம் பணம் எதிரியின் பெட்டியில் அடகாக இருக்கும்போது கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று.

சிந்தியா கம்பெனி இங்கிலாந்தில் ஆறு சரக்குக் கப்பல்களை வாங்கியது. பர்மாவின் அரிசியையும் மரத்தையும் இந்தியத் துறைமுகங்களுக்குக் கொண்டுவரும் வாணிகத்தில் நுழைந்தது. கட்டணப் போர் மூண்டது. இஞ்ச்கேப் பிரபு கம்பெனியை விலைக்கே கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. இதற்கிடையில் லாயல்டிக்கு முதுமை வந்துவிட்டது. நிலக்கரியை விழுங்கும் பழைய பயணிகள் கப்பல் அது. 1921 மார்ச் மாதம் பம்பாயில் நிறுத்தி வைக்கப்பட்டு, 1923 பிப்ரவரியில் உடைப்பதற்கு விற்கப்பட்டது. இந்தியரின் பெருமையாகக் கடல் ஏறிய கப்பல் நான்கே ஆண்டுகளில் பதிவேட்டை விட்டு நீங்கியது. அதன் வாழ்வில் ஒரு நாளேனும் இந்தியாவின் கொடி அதன் மீது சட்டப்படி பறந்ததில்லை.

அதே 1923ஆம் ஆண்டில் நேர்ந்த மற்றொன்று வால்சந்துக்கு இதைவிடக் கசப்பானது. இஞ்ச்கேப் பிரபுவின் நிறுவனங்களோடு சிந்தியா கம்பெனி பத்தாண்டு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டது. கட்டணப் போர் நிற்கும். மாற்றாகச் சிந்தியாவின் கப்பல்கள் 75,000 டன் அளவுக்கு மேல் போகக்கூடாது. இந்தியா, பர்மா, இலங்கைக் கரைகளோடு நிற்க வேண்டும். கடலோடு பிறந்த நிறுவனம் கரையோடு கட்டப்பட்டது. சிலர் இதைச் சரணாகதி என்றனர். அவ்வாறு சொல்வது எளிது. கையொப்பமிடாதிருந்தால் சிந்தியாவும் தூத்துக்குடிக் கம்பெனியின் வழியே சென்றிருக்கும் என்பதே நியாயமான கணிப்பு. வால்சந்த் உயிரோடிருக்கும் கம்பெனியைத் தேர்ந்தார். அந்தப் பத்தாண்டையும் வேறொரு களத்தில் செலவிட்டார்.

அக்களம் சட்டமன்றமும் செய்தித்தாளும் வணிகர் சங்கமும் ஆகும். 1923இல் அரசு அமைத்த இந்திய வணிகக் கப்பற் குழு, இந்திய இளைஞர்களைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றவும் கரையோர வாணிகத்தை இந்தியக் கப்பல்களுக்குப் படிப்படியாக ஒதுக்கவும் பரிந்துரைத்தது. பயிற்சிக்கு 1927இல் டப்ரின் என்னும் கப்பல் பம்பாயில் அமர்த்தப்பட்டது. ஒதுக்கீடு ஏட்டளவில் நின்றது. 1928இல் எஸ்.என்.ஹாஜி மத்திய சட்டமன்றத்தில் கரையோர வாணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். நாடெங்கும் அது பேசப்பட்டது, சட்டமாகவில்லை. அமெரிக்கா 1920இலேயே தன் கரையோர வாணிகத்தைத் தன் கப்பல்களுக்கு ஒதுக்கிச் சட்டம் செய்திருந்தது. பிற நாட்டார்க்கு இயல்பான உரிமை இந்தியர் கேட்டபோது பாரபட்சம் எனப் பெயர் பெற்றது.

1929இல் தலைவர் நரோத்தம் மொரார்ஜி கார் விபத்தில் மறைந்தார். வால்சந்த் கம்பெனியின் தலைவரானார். அடுத்த இருபதாண்டுக் காலமும் சிந்தியா என்றால் வால்சந்த் என்றே ஆயிற்று.

அவருக்குப் புதிய தடை 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் வந்தது. ஐக்கிய ராச்சியத்தில் பதிவான கப்பல்களுக்குப் பாதகமாகவோ, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவான கப்பல்களுக்குச் சாதகமாகவோ இந்தியச் சட்டமன்றங்கள் எந்த வேறுபாடும் செய்யலாகாது என்று அதன் 115ஆம் பிரிவு விதித்தது. பதிவுத் துறைமுகத்தின் பெயர் முதன்முறையாக அரசியல் சொல்லாயிற்று. இரு நாட்டுக் கப்பல்களையும் சமமாக நடத்துவது நீதி போலவே தோன்றும். எழுபது வயது மல்லனையும் ஏழு வயதுச் சிறுவனையும் ஒரே களத்தில் நிறுத்தி இருவருக்கும் ஒரே விதி என்று சொல்வதைப் போன்ற நீதி அது. சுதந்திரத்துக்குப் பிறகும் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதை வால்சந்த் வேறொரு வழியில் கண்டார். அயல்நாட்டு முதலாளிகள் இந்தியாவில் கம்பெனி பதிவு செய்து, பெயரின் இறுதியில் இந்தியா என்று சேர்த்துக்கொண்டு உள்நாட்டு நிறுவனம்போல் உலவத் தொடங்கினர். கப்பலையும் அவ்வாறே இந்தியத் துறைமுகத்தில் பதிவு செய்துவிட்டால்? கொடி இந்தியக் கொடி, ஆதாயம் லண்டனுக்கு.

ஆகவே அவர் கோரிக்கையைக் கூர்மையாக்கினார். இந்தியக் கப்பல் எனப்படுவது இந்தியத் துறைமுகத்தில் பதிவானது என்பதோடு நிற்கலாகாது. உடைமை இந்தியருடையதாக இருக்க வேண்டும். கட்டுப்பாடும் நிர்வாகமும் இந்தியர் கையில் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பதிவு வெறும் எழுத்தே என்றார். எதிர்த்தவர்களும் உண்டு. வால்சந்த் தம் கம்பெனியின் ஆதாயத்தை நாட்டின் நன்மையாகக் காட்டுகிறார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. இந்திய உடைமைக்குக் கிடைக்கும் சலுகையில் பெரும்பகுதி அன்று சிந்தியாவுக்கே போகும். தம் நலனும் நாட்டின் நலனும் ஒரே திசையில் செல்வதை மறைக்க வால்சந்த் முயன்றதாகத் தெரியவில்லை.

இடையே 1937இல் ஹஜ் பயணிகளுக்காகச் சிந்தியா கப்பல் விட்டது. எல் மதீனா என்பது அவற்றுள் ஒன்றன் பெயர். மெக்காவுக்குச் செல்லும் இஸ்லாமிய அன்பர்களுக்கு ஜைனர் ஒருவரின் தலைமையிலுள்ள கம்பெனி கப்பல் இயக்கியது அக்கால இந்திய வணிக வாழ்வின் இயல்பைக் காட்டும்.

போர் வந்தது. 1942 ஜனவரியில் ஜலராஜன், ஜலதரங் ஆகிய சிந்தியா கப்பல்களை ஜப்பானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. 1944 மார்ச்சில் எல் மதீனா வங்கக் கடலில் தாக்கப்பட்டு, பல நூறு உயிர்களோடு ஆழத்தில் மறைந்தது. பதிவாளரின் ஏட்டில் இவற்றின் கணக்கும் ஒவ்வொரு வரியில் முடிந்திருக்கும். மூழ்கியவர்களுள் பெரும்பாலோர் யாருக்கும் பெயர் தெரியாத ஏழை மாலுமிகளும் பயணிகளும்.

பிறர் கட்டிய கப்பலை வாங்கிப் பதிவு செய்யும் வரை நாடு தன் காலில் நிற்காது என்பதையும் வால்சந்த் உணர்ந்திருந்தார். கப்பல் கட்டும் தளத்துக்குக் கல்கத்தாவில் இடம் கேட்டார். துறைமுக நிர்வாகம் இசையவில்லை. விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தார். 1941 ஜூன் 21ஆம் நாள் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு வீசின. வேலை தடைப்பட்டது, இயந்திரங்கள் இடம் மாறின. போர்க்காலத்தில் கப்பலுக்குத் தவித்த பிரிட்டிஷ் அரசு, இந்தியாவில் கப்பல் கட்டும் இம்முயற்சிக்குப் போதிய துணை செய்யவில்லை. ஏழாண்டுகள் கழித்து, விடுதலை பெற்ற நாட்டில், 1948 மார்ச் 14ஆம் நாள், எண்ணாயிரம் டன் சுமக்கும் ஜல உஷா என்னும் கப்பலைப் பிரதமர் நேரு நீரில் இறக்கி வைத்தார். உஷா என்றால் வைகறை. லாயல்டி என்ற பெயரிலிருந்து உஷா என்ற பெயருக்கு வர அவருக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் பிடித்தன.

நாடு விடுதலை பெற்றபோது இந்தியக் கப்பல்களின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 1.92 லட்சம் டன். இத்தனை நீண்ட கடற்கரை உள்ள நாட்டுக்கு அது மிகச் சிறிய தொகை. அந்த 1947ஆம் ஆண்டில் சர் சி.பி.ராமசாமி ஐயர் தலைமையில் அமைந்த கப்பற் கொள்கைக் குழு தன் அறிக்கையை அளித்தது. கரையோர வாணிகம் முழுவதும் இந்தியக் கப்பல்களுக்கு. அண்டை நாட்டு வாணிகத்தில் முக்கால் பங்கு. தொலைநாட்டு வாணிகத்தில் பாதி. இருபது லட்சம் டன் அளவை எட்ட வேண்டும் என்பது இலக்கு. இந்தியக் கப்பல் தொழில் என்பதற்கு அக்குழு தந்த இலக்கணம், உடைமையும் கட்டுப்பாடும் நிர்வாகமும் இந்தியருடையவை என்பதே. வால்சந்த் பல ஆண்டுகளாக மேடைதோறும் சொல்லிவந்த மூன்று சொற்கள், தமிழர் ஒருவர் தலைமை தாங்கிய குழுவின் அறிக்கையில் அரசின் சொற்களாக ஏறின. விடுதலைக்குப் பின் சில ஆண்டுகளிலேயே கரையோர வாணிகம் இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது.

வால்சந்தின் உடல் அதற்குள் தளர்ந்துவிட்டது. 1949இல் பக்கவாதம் தாக்கியது. 1950இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். துணைவியார் கஸ்தூர்பாய் உடனிருந்து பேணினார். 1952இல் விசாகப்பட்டினக் கப்பல் தளம் பெரும்பகுதி அரசின் உடைமையாகி இந்துஸ்தான் ஷிப்யார்டு என்ற பெயர் பெற்றது. தாம் நட்ட மரத்தைத் தம் கண்முன்னே அரசு எடுத்துக்கொண்டதில் அவர் மனம் என்ன எண்ணியது என்பதை யார் அறிவார்? 1953 ஏப்ரல் 8ஆம் நாள் குஜராத்தின் சித்தபூரில் அவர் உயிர் நீங்கியது. லாயல்டி பம்பாயை விட்டுப் புறப்பட்ட நாளின் முப்பத்துநான்காம் ஆண்டு நிறைவுக்கு மூன்று நாள் பின்னர்.

அவர் இறக்கும் வரையிலும் இந்தியக் கப்பல்களின் பதிவு பழைய பிரிட்டிஷ் சட்டத்தின் அடிப்படையிலேயே நடந்துவந்தது. கொடி மாறிவிட்டது; ஏடு மாறவில்லை. 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் வந்த பின்புதான் 1894இன் சட்டமும் 1841இன் சட்டமும் விடை பெற்றன. உடைமையின் 64 பங்குகள் பத்துப் பங்குகளாயின. இந்தியக் கப்பல் என்னும் சொல்லுக்குச் சட்டத்தில் முதன்முதலாக முழுப்பொருள் கிடைத்தது. பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் இந்தியப் பதிவாளர்கள் இந்தியச் சட்டத்தின்படி ஏடு திறந்தனர். சிவப்பு நிலத்தின் மூலையில் மூவண்ணத்தைத் தாங்கிய கொடி இந்திய வணிகக் கப்பல்களின் கொடியாயிற்று.

உலகம் பின்னர் வேறு திசையில் சென்றது. பனாமா, லைபீரியா போன்ற நாடுகள் எந்நாட்டார் கப்பலையும் தம் ஏட்டில் சேர்த்துக்கொள்ளும் வழியைத் திறந்தன. வரியும் கூலியும் குறையும் என்பதால் கப்பல் முதலாளிகள் தம் தாய்நாட்டுப் பதிவை நீக்கி அங்கே ஓடினர். கப்பலைக் கண்டிராத சிறு நாடுகளும் கொடியை விற்றன. இந்திய முதலாளிகளுக்கும் அந்த ஆசை வந்ததுண்டு. சிந்தியா கம்பெனியே இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நலிந்து, அதன் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பதிவேட்டிலிருந்து நீங்கின. பம்பாயின் பல்லார்ட் எஸ்டேட்டில் சிந்தியா ஹவுஸ் என்னும் கட்டிடம் மட்டும் பெயரைத் தாங்கி நிற்கிறது.